ஜான் கேஜ்: அவாவை விலக்கி ஒலியைக் கேட்டவர்

போர்ட் கொச்சிக் கடற்கரையில் சீன வலைகள் எழுந்து தாழும்போது மரம் கிறீச்சிடும், அலை மோதும், காகம் கரையும். இவற்றை இசையென எவரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. இவ்வூரில் 2012இல் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பினாலே என்னும் கலைவிழாவில் ஒலியையே கலையாக்கிக் காட்டுவோரும் இடம்பெற்றுள்ளனர். அக்கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜான் கேஜின் வரலாற்றைப் பௌத்த அன்பர்கள் அறிதல் நலமெனக் கருதிச் சுருங்கக் கூறுவோம்.

கேஜ் 1912 செப்டம்பர் 5ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். ஷோன்பெர்க் என்னும் இசை மேதையிடம் பயின்றார். இல்லறம் குலைந்து, இசை எதற்கு என்னும் ஐயமும் வாட்டிய காலத்தில், இந்தியாவிலிருந்து வந்த கீதா சாராபாய் அம்மையாரை 1946இல் சந்தித்தார். அம்மையாருக்கு மேனாட்டு இசையைக் கற்பித்து, அவரிடம் நம் நாட்டு இசையின் தத்துவத்தைக் கற்றார். மனத்தை அமைதியுறச் செய்வதே இசையின் பயன் எனத் தெளிந்தார். இலங்கைத் தமிழர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தரான ஆனந்த குமாரசுவாமியின் நூல்களும் அவருக்கு ஒளி காட்டின. பின்னர், ஜப்பானிய அறிஞர் டி. டி. சுசுகி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய ஜென் பௌத்த விரிவுரைகளைக் கேட்டார்.

மனத்தின் அமைதியைக் கெடுப்பன விருப்பும் வெறுப்புமே. இசை அமைப்பவனும் தனக்கு இனியதைக் கொள்கிறான்; இன்னாததைத் தள்ளுகிறான். இப்பற்றை நீக்க வழி தேடிய கேஜ், 1951இல் ஈ சிங் என்னும் பண்டைச் சீன நூலைக் கைக்கொண்டார். மூன்று நாணயங்களை ஆறு முறை சுண்டினால் 64 குறிகளுள் ஒன்று கிடைக்கும். அவ்வெண் ஒலியையும் கால அளவையும் வலிமையையும் முடிவு செய்தது. மாற்றங்களின் இசை என்னும் பியானோப் படைப்பு இவ்வாறு பிறந்தது.

ஈ சிங் குறி பார்க்கும் நூலாயிற்றே, நாளும் கோளும் பாராத நமக்கு அது ஏற்குமோ என அன்பர்கள் வினவலாம். இசை அமைக்கையில் அவர் நாணயத்திடம் நன்மை தீமை கேட்டாரல்லர். எண்ணை மட்டுமே பெற்றார். காரணமின்றி எதுவும் தோன்றாது என்பது சார்பிற்றோற்றக் கொள்கை. நாணயம் விழுவதற்கும் காரணங்கள் உண்டு. நம் அவா அவற்றுள் ஒன்றன்று, அவ்வளவே. இது சோம்பலுமன்று. வினாக்களை வகுப்பது அவர் பொறுப்பு. விடை எதுவாயினும் ஏற்பது அவர் நோன்பு.

1969இல் லெஜாரன் ஹில்லருடன் சேர்ந்து கணிப்பொறியையும் இம்முறைக்குப் பயன்படுத்தினார். ஆனால் சூத்திரத்தால் கணிப்பொறி தரும் எண்கள் தற்செயல் போலத் தோன்றுமேயன்றி, தொடக்க எண் ஒன்றாயின் வரிசையும் ஒன்றே. ஆதலின் வானொலி இரைச்சல், மின்கருவியின் வெப்ப இரைச்சல் முதலியவற்றிலிருந்து மெய்யான தற்செயல் எண்களைப் பெற்று, ஒலி அமைக்கும் மென்பொருளுக்கு ஊட்டுதலும் இன்று இயல்வதாயிற்று. பன்னிரண்டு வானொலிப் பெட்டிகளை இசைக்கருவிகளாக்கி 1951லேயே மேடையேற்றியவர் கேஜ்.

அவர் 1992 ஆகஸ்ட் 12ஆம் நாள் நியூயார்க்கில் மறைந்தார். கடற்கரைக்குச் செல்லும் நாம், வலையின் ஒலியையும் காகத்தின் ஒலியையும் நன்று தீதென்று பிரியாது சிறிது பொழுது கேட்டிருப்போமாக. அவ்வளவுக்கு நம் அவாவும் அடங்கும்.