பொம்மை ஈந்த பெருமாட்டி

குழந்தையின் கையிற் பொம்மை கொடுப்போர் பலர். அக்கைக்கு நோவு தராத பொம்மை யாதென எண்ணியோர் சிலரே. அச்சிலருள் முதற்கண் நினைக்கத்தக்கவர் ஜேர்மனி நாட்டு மார்கறெற் ஸ்ரைவ் அம்மையார்.

தென் ஜேர்மனியிலே, பிறென்ஸ் ஆற்றங்கரையிலுள்ள கீங்கன் என்னும் சிற்றூரில், 1847 ஆம் ஆண்டு யூலைத் திங்கள் 24 ஆம் நாள் அம்மையார் தோன்றினார். பிறந்த பதினெட்டாந் திங்களில் இளம்பிள்ளைவாதம் பற்றிற்று. கால்கள் நடக்க உதவாவாயின. வலக்கையும் வலுக்குன்றி நோவுடையதாயிற்று. மருத்துவர் பலரை நாடியும் பயன் விளைந்திலது. தள்ளுவண்டியில் ஏற்றிப் பிறர் இழுத்துச் செல்லவே பள்ளி சென்றார்.

எனினும் தையல் பயிலும் விருப்பத்தை அவர் கைவிட்டாரல்லர். பதினேழாம் அகவையிலே அப்பயிற்சியை நிறைவு செய்தார். தையற்பொறியின் சக்கரமோ வலக்கையாற் சுழற்றற்குரியது. அம்மையார் பொறியையே திருப்பி வைத்து, இடக்கையாற் சுழற்றித் தைத்தார். 1877 இல் கம்பளி உடைகள் தைத்து விற்குந் தொழிலைத் தாமே தொடங்கினார்.

அவர் கையாண்டது நெய்த கம்பளியன்று. ஆட்டுமயிரை ஈரமும் சூடும் ஊட்டி அழுத்திப் பிசைந்தால், இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தறியின்றியே துணியாகும். நெடுக்கிழையும் குறுக்கிழையும் இன்மையால், அத்துணியை எவ்வாறு வெட்டினும் விளிம்பு பிரியாது. சிற்றுருவங்கள் தைத்தற்கு இதனினும் ஏற்றது அரிது.

1879 ஆம் ஆண்டின் இறுதியில், உடையலங்கார இதழொன்றிற் சிறு யானையின் வெட்டுவடிவத்தை அம்மையார் கண்டார். அதனைக் கொண்டு குண்டூசி குத்திவைக்கும் யானைகள் சில தைத்து உற்றார்க்கு வழங்கினார். பெரியோர் ஊசி குத்த வைத்ததனைச் சிறியோர் எடுத்துச் சென்று விளையாடலாயினர். மரத்தாலும் தகரத்தாலும் பீங்கானாலும் ஆய பொம்மைகள் மிக்கிருந்த காலம் அது. அணைத்துத் துயிலத்தக்க மென்மையை அவற்றிற் காணாத மழலையர் இந்த யானையிற் கண்டனர். அவர்தம் குறிப்பை உணர்ந்ததே அம்மையாரின் பெருமை. 1880 இல் ஒரு சிலவே விலைபோன யானைகள், 1886 இல் ஐயாயிரத்துக்கு மேல் விலைபோயின. குரங்கும் கழுதையும் குதிரையும் ஒட்டகமும் பின்தொடர்ந்தன.

1902 இல் அவர் உடன்பிறந்தாரின் மைந்தர் றிச்சாட் என்பார், கைகால்களை அசைக்கத்தக்க கரடியொன்றை வடிவமைத்தார். அது வெள்ளாட்டு வகையொன்றின் பட்டனைய மயிராலாயது. அடுத்த ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையிலே அமெரிக்க வணிகரொருவர் மூவாயிரங் கரடிகளை வேண்டினார். அமெரிக்கத் தலைவர் தியோடர் றூஸ்வெல்ற்றின் செல்லப்பெயரைப் பெற்று அவ்வினம் 'ரெடிக் கரடி' என உலகெங்கும் வழங்கலாயிற்று. 1904 முதல், போலிகளினின்று பிரித்தறிதற்பொருட்டுத் தம் பொம்மைகளின் செவியிற் சிறு பொத்தானொன்றைப் பதித்தனர். 1907 இல் அத்தொழிற்சாலை செய்த கரடிகள் 974,000.

1909 மே 9 ஆம் நாள், அறுபத்தோராம் அகவையிலே, நுரையீரல் அழற்சியால் அம்மையார் மறைந்தார். பிறர் இழுத்த வண்டியிற் பள்ளி சென்ற அச்சிறுமி, பின்னாளிற் பல நூறு குடும்பங்கள் உழைத்துண்ண வழி செய்தார். தாம் ஓடியாடி விளையாடும் பேறு பெறாதவர், உலகத்து மழலையர்க்கு விளையாட்டுத் தோழரை ஈந்தார். மாணாக்கருள் உடற்குறையுடையாரைக் காணுந்தோறும், அக்குறையை நோக்காது, அவர் திருப்பி வைத்துச் சுழற்றத்தக்க சக்கரம் யாதென நாடுதல் ஆசிரியராகிய எம்மனோர் கடனாகும்.