காமிராக்காரர் ஹூப்பர்



பிரபலமான ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழு அண்ணன் கேட்டார். விசுவேசுவரய்யா, ஆர்தர் காட்டன், பென்னி குயிக் எல்லாரையும் முந்தைய மலர்களிலேயே நம்மாட்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதனால் கொஞ்சம் வில்லங்கமான ஒருவரை எடுத்துக்கொண்டேன். பெயர் வில்லோபி வாலஸ் ஹூப்பர். புகைப்பட வரலாறு படிப்பவர்களுக்கு ரொம்பத் தெரிந்த பெயர். நம்மில் பலருக்குப் பெயர் தெரியாது, ஆனால் அவர் எடுத்த போட்டோவைப் பார்த்திருப்போம். எலும்பும் தோலுமாய், இடுப்பில் ஒரு துணியோடு, வரிசையாக உட்கார்ந்திருக்கும் சனங்கள். அது நம்ம தாது வருஷப் பஞ்சம்.

ஹூப்பர் 1837ல் லண்டனில் பிறந்தவர். 1858ல், சிப்பாய்க் கலகம் அடங்கிக்கொண்டிருந்த நேரத்தில், சென்னை ராணுவத்தின் குதிரைப்படையில் சேர்ந்தார். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் இந்தப் பக்கமே காலம் தள்ளினார். வேலை ராணுவம், பைத்தியம் காமிரா. இந்திய மக்களைச் சாதிவாரியாக, இனவாரியாகப் படம் பிடித்து 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக அரசாங்கம் ஒரு புத்தகம் போட்டது. அதில் இவர் எடுத்த படங்களும் உண்டு. புலி வேட்டை என்று ஒரு வரிசைப் படமும் ஒரு நண்பரோடு சேர்ந்து எடுத்தார். அது நிஜ வேட்டை இல்லை, ஏற்பாடு செய்து எடுத்தது. காமிராவுக்கு முன்னால் ஆட்களை எப்படி நிறுத்துவது என்பது அவருக்குக் கைவந்த கலை.

இங்கே கொஞ்சம் டெக்னிக்கல் விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக் காமிராவில் ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் கொல்லோடியன் என்ற பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். எல்லாம் சில நிமிஷங்களுக்குள் முடிய வேண்டும். இருட்டுக் கூடாரம், மருந்துப் பாட்டில்கள், தண்ணீர், தூக்கி வர ஆட்கள் என்று ஒரு சின்னப் பட்டாளமே கூடப் போகும். படம் பதிய சில விநாடிகள் ஆகும் என்பதால் எதிரே இருப்பவர் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். ஆகவே 1876 முதல் 1878 வரை ஹூப்பர் எடுத்த பஞ்சப் படங்கள் போகிற போக்கில் எடுத்தவை இல்லை. நிற்கத் தெம்பில்லாத மனிதர்களை உட்கார வைத்து, பார்வையைத் திருப்பச் சொல்லி எடுத்தவை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் படம் வேறு மாதிரி தெரிகிறது.

பஞ்சத்துக்குக் காரணம் மழை பொய்த்தது என்பார்கள். பாதி உண்மை. பசிபிக் கடலின் எல் நினோ அந்த வருஷங்களில் மிகக் கடுமையாக இருந்தது என்பது இன்று தெரிகிறது. மீதிப் பாதி மனிதர் செய்தது. 1875லேயே திருச்சி - மதுரை ரயில் பாதை திண்டுக்கல் வழியாகத் திறந்தாயிற்று. ரயிலும் இருந்தது, மற்ற மாகாணங்களில் தானியமும் இருந்தது. விலைதான் ஏழைக்கு எட்டவில்லை. நிவாரண வேலைக்கு வந்து மண் சுமக்கும் ஆண் ஒருவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம் போதும் என்று 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் கணக்குப் போட்டார். அதை வைத்துக்கொண்டு உடம்பு தாங்காது என்று சென்னை சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் சண்டை பிடித்த பிறகுதான் கூலி உயர்ந்தது. செத்தவர்கள் குறைந்தது 55 லட்சம் பேர் என்பது கணக்கு. இன்னும் அதிகம் என்பவர்களும் உண்டு. அந்த நிவாரண வேலைகளில் மண்ணை அளந்து கூலி போட்டவர்கள் பொதுப்பணித் துறை ஆட்கள். நம்ம ஜாதிக்காரர்கள், எஞ்சினியர்கள்!

மதுரை ஜில்லாவில் இருந்து அப்போது கூட்டம் கூட்டமாக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். எங்கள் அப்பத்தாவுக்குப் பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடிப் பக்கம். சோற்றைச் சிந்தினால் தாது வருஷத்தைச் சொல்லித்தான் திட்டும். அதனுடைய பாட்டியின் அண்ணன் கண்டிக்குப் போனவர், போனவர்தான். கடுதாசிகூட இல்லையாம். ஹூப்பர் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஞாபகம் எனக்கு வரும். அடிவாரத்தில் நிலைமை இப்படி. மேலே கொடைக்கானலில் ஏரி வெட்டி (1863ல் லெவிஞ்ச் துரை வெட்டியது) பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது.

பஞ்சக் காட்சிகள் லண்டன் பத்திரிகைகளில் செதுக்குப் படங்களாக வந்தன. 1877 ஆகஸ்டில் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு உதவி கேட்டார். லண்டன் மேயர் நிதி திரட்டினார். பல லட்சம் பவுன் சேர்ந்தது. ஒரு பக்கம் இப்படி நல்லது நடந்தது. இன்னொரு பக்கம், படம் எடுத்தவர் அந்தச் சனங்களுக்குச் சோறு போட்டாரா என்ற கேள்வியும் ஹூப்பரைத் துரத்தியது. இன்றுவரை துரத்துகிறது.

அடுத்த கதை பர்மா. 1885 நவம்பரில் ஆங்கிலேயப் படை மாண்டலேயைப் பிடித்தது. தீபா மன்னரை முதலில் நம்ம மதராசுக்குத்தான் கப்பலில் கொண்டுவந்தார்கள். பிறகு ரத்னகிரி. பர்மாவில் எதிர்த்தவர்களையெல்லாம் கொள்ளைக்காரர் என்று சொல்லிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்டனைகளுக்குப் பொறுப்பான புரொவோஸ்ட் மார்ஷல் வேறு யாருமில்லை, ஹூப்பர்தான். இதற்குள் உலர் தகடு வந்துவிட்டது. ஈரப் பசை வேண்டாம், ஒரு நொடிக்குள் படம் பதியும். தோட்டா பாய்கிற அந்தக் கணத்தைப் பிடிக்க ஆசைப்பட்டு, சுடும் உத்தரவுக்கு நடுவே காமிராவுக்காக நேரம் கொடுத்தார் என்று 1886 ஜனவரியில் டைம்ஸ் பத்திரிகை நிருபர் தந்தி அடித்தார். லண்டனில் ஒரே அமளி. பாராளுமன்றத்தில் கேள்வி, வைசிராய் டஃபரின் பிரபுவுக்குத் தலைவலி, விசாரணை, கடைசியில் ஹூப்பருக்குக் கண்டனம்.

எனக்கு உறைத்தது இதுதான். சுட்டதைவிட, சுடும்போது படம் எடுத்ததுதான் பெரிய குற்றமாகப் பேசப்பட்டது. படம் என்று ஒன்று எடுக்காமல் இருந்திருந்தால் அந்தச் சாவுகள் லண்டனில் யாருடைய காலைக் காப்பியையும் கெடுத்திருக்காது. அந்த வகையில், அவரே நினைக்காத ஒரு சாட்சியத்தை ஹூப்பர் விட்டுப் போனார். 1887ல் நூறு படங்கள் கொண்ட பர்மா ஆல்பத்தையும் வெளியிட்டார். வேலையும் போகவில்லை. 1896ல் கர்னலாக ஓய்வு பெற்று, 1912ல் இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் காலமானார்.

பஞ்சத்துக்கும் கொடைக்கானலுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. சூரியப் புள்ளிகளுக்கும் பஞ்சத்துக்கும் உறவு இருக்கிறது என்று 1877ல் லாக்கியர், ஹண்டர் என்ற இருவர் எழுதினார்கள். மழையை முன்கூட்டியே கணிக்கலாம் என்ற அந்த ஆசைதான், பின்னால் சூரிய ஆய்வுக்கூடம் வேண்டும் என்ற பேச்சை வளர்த்தது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த மிக்கி ஸ்மித் இடம் தேடி, கொடைக்கானலைத் தேர்ந்தார். 1899ல் ஆய்வுக்கூடம் வந்தது. சூரியப் புள்ளியைப் பார்த்து மழையைச் சொல்ல முடியவில்லை. ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் நாள்தோறும் எடுத்த சூரியப் படங்கள் இன்று உலக விஞ்ஞானிகளுக்குச் சொத்து. எவர்ஷெட் 1909ல் கண்டுபிடித்ததும் அங்கேதான்.

இரண்டு வருஷம் முன்பு எங்கள் பேட்ச் கொடைக்கானலில் கூடியது. அந்த ஆய்வுக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்த சாயங்காலம், ஹூப்பரின் பஞ்சப் படத்தைச் செல்போனில் காட்டினேன். ஒருத்தன் இது 1943 வங்காளப் பஞ்சம், அப்படித்தான் எனக்கு வந்தது என்று அடித்துச் சொன்னான். ஒருத்தன் சாப்பிடும் நேரத்தில் இதெல்லாம் எதற்குடா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். நண்பனின் மனைவி டாக்டர். அவர் மட்டும் நீண்ட நேரம் பார்த்தார். இந்த நிலைக்கு வந்தவர்களுக்குத் திடீரென்று வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்தாலும் ஆபத்து, கஞ்சியில் இருந்து மெதுவாகத்தான் தொடங்க வேண்டும் என்றார். முகம் சுளிப்பதும் பரிதாபப்படுவதும் எல்லாருக்கும் வரும். என்ன செய்திருக்க வேண்டும் என்று யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். இப்போது எல்லார் கையிலும் ஹூப்பரின் காமிரா இருக்கிறது, இருட்டுக் கூடாரம்கூட வேண்டாம். ஒட்டன்சத்திரம் ரோட்டில் ஒரு விபத்து என்றால் முதலில் பத்து போன் மேலே எழும்புகிறது. முதல் போன் 108க்குப் போகட்டும். உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம் வேண்டாம். உதவுபவரைப் பாதுகாக்க 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே பிரிவு சேர்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு படம் எடுப்பதில் தப்பில்லை, சாட்சியம் வேண்டும்தானே.

கடைசியாக ஒன்று. ஹூப்பரின் பஞ்சப் படங்களில் எடுத்தவர் பெயர் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவர்கள் பெயர் எதிலும் இல்லை. இந்த மலரிலும் பழைய குரூப் போட்டோக்கள் வருகின்றன. ஓரத்தில் நிற்கும் மெஸ் அண்ணன், லேப் உதவியாளர், வாட்ச்மேன் தாத்தா இவர்கள் பெயர் பல படங்களுக்குக் கீழே விட்டுப்போயிருக்கிறது. தெரிந்தவர்கள் விழா அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் மலர்க் குழுவிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம்.

- முன்னாள் மாணவன், மெக்கானிக்கல், 2008 - 2012