மோர் வட்டம் தந்த மேதை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எங்கள் பேராசிரியர் ஒருநாள் கரும்பலகையில் ‘மோர் வட்டம்’ என்று எழுதியதும் வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. கோடை வெயிலில் மோரை நினைக்காதவர் யார்? அவரோ சிரிக்கவில்லை. ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து, இரு முனைகளையும் பிடித்து முறுக்கினார். அது நேர்க்குறுக்கே ஒடியவில்லை. ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில், திருகுபோல் சுற்றி ஒடிந்தது. சுண்ணக்கட்டியை யாரும் இழுக்கவில்லையே, பின் ஏன் இழுத்துப் பிய்த்ததுபோல் ஒடிந்தது? இந்த வினாவின் விடையை ஒரே வட்டத்தில் காணச் செய்தவர்தான் கிறிஸ்டியன் ஓட்டோ மோர்.

1835-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், ஹோல்ஸ்டைன் பகுதியிலுள்ள வெசல்பூரன் என்னும் சிற்றூரில், நிலபுலன் உள்ள குடும்பத்தில் அவர் பிறந்தார். பதினாறாம் வயதில் ஹனோவர் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். படிப்பு முடிந்தபின் ஹனோவரிலும் ஓல்டன்பர்க்கிலும் இரயில்வேப் பொறியாளராகப் பணியாற்றிப் பாலங்களை வடிவமைத்தார். பணிக்கிடையிலும் எழுதுகோலை அவர் கீழே வைக்கவில்லை. பல தாங்கிகளின் மேல் கிடக்கும் உத்தரத்தில் ஒரு தாங்கி சற்றே இறங்கிவிட்டால் என்ன நேரும் என்பதை 1860-இலேயே ஆராய்ந்து எழுதினார். பாலத்தருகே நின்றவருக்குத்தானே அந்தக் கவலை வரும்!

பின்னர் ஸ்டுட்கார்ட்டில் பேராசிரியரானார். 1873-இல் டிரெஸ்டனுக்குச் சென்றார். அவரிடம் பயின்று பிற்காலத்தில் தாமும் புகழ்பெற்ற பேராசிரியரான ஆகஸ்ட் ஃபோப்பல், மாணவர் அனைவரும் மோரையே தங்கள் தலைசிறந்த ஆசிரியராகக் கருதியதைப் பதிவு செய்துள்ளார். இத்தனைக்கும் மோர் சரளமாகப் பேசுபவர் அல்லர். ஆனால், ஒவ்வொரு வகுப்பிலும் புதிதாக ஏதேனும் ஒன்று அவரிடம் இருக்குமாம்.

1882-இல் வட்டம் வெளிவந்தது. இழுக்கப்படும் ஒரு தகட்டில் சிறு சதுரம் ஒன்றைக் கற்பனை செய்வோம். அதன் முகங்களில் இழுவைத் தகைவும், முகத்தை ஒட்டி உராய்ந்து செல்லும் சறுக்குத் தகைவும் இருக்கும். தகடும் விசையும் அப்படியே இருக்க, சதுரத்தை மட்டும் சாய்த்துப் பார்த்தால் எண்கள் மாறிவிடும். இதற்கான சூத்திரங்கள் நீளமானவை. எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நான், அவற்றை மூன்று முறை மனப்பாடம் செய்து மூன்று முறையும் கூட்டல் கழித்தல் குறியில் தவறினேன்.

மோர் செய்தது இதுதான்: இழுவையைக் கிடைக்கோட்டிலும் சறுக்கைச் செங்குத்துக் கோட்டிலும் அளந்து, செங்குத்தாக அமைந்த இரு முகங்களுக்கும் இரு புள்ளிகள் வைத்தார். அவற்றை இணைக்கும் கோடே விட்டம். சதுரத்தை எத்தனை பாகை சாய்த்தாலும், வட்டத்தில் அதன் இருமடங்கு நகர்ந்தால் போதும். ஒரு முகத்தில் இழுவை 70, மற்றதில் 10, சறுக்கு 40 (சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன்) என்போம். மையம் 40-இல் விழும், ஆரம் 50. ஆகவே உச்ச இழுவை 90! மறு எல்லையில் 10 அளவுக்கு அமுக்கமும் இருக்கிறது. அது முதலில் கண்ணில் படவே இல்லை. 70-ஐ மட்டும் நம்பிப் பாலம் கட்டினால் என்னவாகும்?

சுண்ணக்கட்டிக்கும் இதே கணக்குத்தான். வெறும் முறுக்கில் வட்டத்தின் மையம் பூச்சியத்தில் விழும். சறுக்கிலிருந்து முழு இழுவைக்குச் செல்ல வட்டத்தில் 90 பாகை. கட்டியில் அதில் பாதி, 45. இழுவையைத் தாங்கும் வலிமை குறைந்த சுண்ணம் அங்கே பிளந்துவிடுகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. தகைவை வட்டமாக வரைந்து காட்டும் எண்ணம் கார்ல் குல்மனின் 1866-ஆம் ஆண்டு நூலிலேயே இருந்தது. மோர் அதை முப்பரிமாணத்துக்கு விரித்தார். பொருள் எப்போது முறியும் என்னும் கொள்கையையும் அதன்மேல் எழுப்பினார். பெயர் அவருக்கு நிலைத்தது அதனால்தான் என்பது என் கருத்து.

1900-இல் ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை. கட்டுரைகள் 1906-இல் தொகுப்பு நூலாயின. 1918 அக்டோபர் 2-ஆம் நாள், 83 வயது நிறைய ஆறு நாட்களே இருக்கையில், டிரெஸ்டனில் காலமானார்.