தூத்துக்குடி கப்பித்தான் மீது சவேரியார் சாட்டிய குற்றம்

கடலில் மூழ்கி முத்து எடுத்தவர்கள் பரதவர்கள். கரையில் உட்கார்ந்தபடியே அந்த முத்திலிருந்து பணம் எடுத்தார் ஒரு போர்ச்சுக்கீசிய அதிகாரி.

அவர் பெயர் கோஸ்மே தெ பைவா. 1544-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறை முழுவதற்கும் அவர்தான் கப்பித்தான். அதாவது அரசாங்கத் தலைவர். தூத்துக்குடியில் அவருக்கு வீடு இருந்தது, கப்பலும் இருந்தது.

அவர் கொள்ளையடித்தார், லஞ்சம் வாங்கினார் என்று ஒருவர் குற்றம் சாட்டினார். யார் அவர்? எதிரி நாட்டுக்காரர் அல்ல. போர்ச்சுக்கல் மன்னரே கப்பல் ஏற்றி அனுப்பி வைத்த பாதிரியார், பிரான்சிஸ் சவேரியார்!

கோட்டை வீட்டுப் பிள்ளை

சவேரியார் ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, இன்றைய ஸ்பெயின் நாட்டின் வடக்கே, நவார் என்ற சிறு ராஜ்யத்தில் பிறந்தார். குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு கோட்டையே இருந்தது. அந்தக் கோட்டையின் பெயர்தான் அவருக்கும் பெயராயிற்று.

அவர் சிறுவனாக இருந்தபோதே நவார் ராஜ்யம் பக்கத்து நாட்டாரிடம் வீழ்ந்தது. கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. ஆட்சிக்கு வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதை அவர் பிள்ளைப் பருவத்திலேயே பார்த்துவிட்டார்.

பாரிஸ் நகரில் படித்தார். அங்கே இஞ்ஞாசியாரின் நட்பு கிடைத்தது. இருவரும் இன்னும் சில நண்பர்களும் சேர்ந்து தொடங்கியதுதான் இயேசு சபை. போர்ச்சுக்கல் மன்னர் மூன்றாம் ஜான் தமது கீழை நாடுகளுக்குக் குருமார் வேண்டும் என்று கேட்டார். 1541-ல் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறிய சவேரியார், 1542 மே மாதம் கோவாவில் இறங்கினார். அந்த ஆண்டின் பிற்பகுதியிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார்.

ராணியின் காலணிப் பணம்

கன்னியாகுமரியிலிருந்து ராமேசுவரம் பக்கம் வரை நீண்ட கரை அது. மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டணம், புன்னைக்காயல், தூத்துக்குடி என்று வரிசையாகப் பரதவர் ஊர்கள்.

முத்துக்குளிப்பில் வந்த போட்டியாலும் சண்டையாலும் நொந்துபோன பரதவர்கள், சவேரியார் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பாதுகாப்புக் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பாதுகாப்போடு கூடவே கப்பித்தானும் வந்தார், வரியும் வந்தது.

வரிகளில் ஒன்றின் பெயரைக் கேட்டால் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். ஆண்டுதோறும் 4,000 பணம், போர்ச்சுக்கல் ராணி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கு! கடலுக்கு அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிப்பி பொறுக்கியவன் காலில் செருப்பு இல்லை.

சவேரியார் இந்தப் பணத்தை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்களின் சம்பளத்துக்குத் தரும்படி கேட்டார். கவர்னர் இசைந்தார். ராணியின் காலணிப் பணம் பிள்ளைகளுக்கு வந்தது.

அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்து அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

குதிரை வியாபாரம்

கப்பித்தான் எப்படிப் பணம் சேர்த்தார்?

அக்காலத்தில் இத்தகைய உத்தியோகங்களை மன்னர் தம் ஊழியர்களுக்குப் பரிசு போலக் கொடுப்பார். சாதாரணமாக மூன்று ஆண்டுகள்தான். சம்பளம் சொற்பம். அந்த மூன்று ஆண்டுகளுக்குள் ஆயுள் முழுவதற்கும் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் வருகிறவர்களின் கணக்கு. மேலே கேட்க வேண்டிய கவர்னர் இருப்பது கோவாவில். அதற்கும் மேலே உள்ள மன்னரோ கடல்களுக்கு அப்பால்!

முத்தைவிடக் கொழுத்த லாபம் குதிரையில் இருந்தது. தென்னாட்டில் நல்ல போர்க்குதிரை வளர்வதில்லை. அரபு நாட்டுக் குதிரைகள் கடல் வழியாக வர வேண்டும். கடலோ போர்ச்சுக்கீசியர் கையில். உள்நாட்டு அரசர்கள் கேட்ட விலை கொடுத்தார்கள். பைவா, கயத்தாற்றில் இருந்து ஆண்ட வெட்டும் பெருமாளுக்குக் குதிரை விற்றார். வெட்டும் பெருமாளுக்கும் திருவிதாங்கூர் அரசருக்கும் பகை. இரு பக்கத்துப் படைகளுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டவர்கள் கடற்கரை மக்கள்.

1544 ஜூன் மாதம் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கம் பாய்ந்தது. மக்கள் கடலில் துருத்திக்கொண்டிருந்த பாறைகளில் ஏறி உயிர் தப்பினார்கள். சோறு இல்லை, தண்ணீர் இல்லை. சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு உதவிக்குப் புறப்பட்டார். எதிர்காற்று தோணிகளைப் போகவிடவில்லை. பிறகு அவர் கரை வழியே அங்கே போய்ச் சேர்ந்தார்.

எரிந்த கப்பல்

செப்டம்பர் மாதம் தூத்துக்குடியின் முறை வந்தது.

ஊர் தாக்கப்பட்டது. ஆட்கள் கொல்லப்பட்டார்கள். மற்றவர்கள் எதிரே இருந்த தீவுகளுக்கு ஓடினார்கள். அந்தத் தீவுகளில் மணல்தான் உண்டு, குடிநீர் ஏது? பசியாலும் தாகத்தாலும் அங்கேயும் செத்தார்கள்.

கப்பித்தானின் வீடும் எரிந்தது, கப்பலும் எரிந்தது. அவரும் அதே தீவுகளில்தான் போய் ஒளிந்தார்!

அப்போது ஆலந்தலையில் இருந்தார் சவேரியார். கப்பித்தானுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே கெட்டுப்போயிருந்தது. கப்பித்தான் அவரைக் குற்றம் கூறிக் கடுமையாகக் கடிதம் எழுதியிருந்தார். தாம் நேரில் போனால் பைவாவுக்குப் பிடிக்காது என்று சவேரியாருக்குத் தெரியும். ஆகவே தம் துணைவர் மான்சிலாசுக்கு அவசரச் சீட்டு அனுப்பினார். புன்னைக்காயலில் உள்ள தோணிகளை எல்லாம் திரட்டி, தண்ணீர் ஏற்றிக்கொண்டு கப்பித்தானையும் மக்களையும் காப்பாற்றப் போகச் சொன்னார். ஊர்ப் பட்டங்கட்டிகளுக்கும் தனியாக எழுதினார்.

தவித்த வாய்க்குத் தண்ணீர் கொடுத்தாரே தவிர, கணக்கை அவர் மறக்கவில்லை.

ஊரார் ஓடிய பிறகு அவர்களுடைய வீடுகளில் சிலர் குடிபுகுந்துவிட்டார்கள். அவர்களைச் சங்கு குளிக்கக் கூப்பிடக் கூடாது என்று சவேரியார் தடை போட்டார். அடுத்தவன் வீட்டைப் பிடித்துக்கொண்டவனுக்குக் கடலின் பலன் கிடையாது என்பது அவர் தீர்ப்பு.

டிசம்பர் மாதம் கொச்சியிலிருந்து மான்சிலாசுக்கு ஒரு கடிதம் போனது. சவேரியார் எழுதியவற்றில் இவ்வளவு சூடானவை சிலவே. இந்தக் கரையில் பைவா அடித்த கொள்ளைகள் பல. தூத்துக்குடியில் விழுந்த பிணங்களுக்கு அவருடைய பேராசையே காரணம். கொன்றவர்களிடமிருந்தே அவர் பணம் வாங்கியிருக்கிறார். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். மன்னருக்கும் கவர்னருக்கும் எழுதப்போகிறேன் என்பதையும் அவரிடம் தெரிவித்துவிட வேண்டும். இவையே அதன் சாரம்.

அவருடைய மதச் சட்டப்படி, திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்காதவனுக்கு மன்னிப்புச் செல்லாது. ஆகையால்தான் அந்தப் பிடிவாதம். மத விசாரணை மன்றத்திலும் சொல்லித் தண்டிக்க வைப்பேன் என்று அதே கடிதத்தில் மிரட்டியிருக்கிறார். அந்த மன்றத்தின் கொடுமைகளைப் படித்திருக்கும் நமக்கு இந்த இடம் உறுத்தத்தான் செய்கிறது.

மன்னருக்குப் போன புகார்

1545 ஜனவரியில் சவேரியார் சொன்னபடியே மன்னருக்கு எழுதினார். அங்கிருக்கும் தம் நண்பருக்கும் எழுதினார்: வேண்டியவர்கள் யாரையும் இந்தியாவுக்கு உத்தியோகத்துக்கு அனுப்பாதீர்கள், இங்கே வந்தால் எல்லாரும் திருடக் கற்றுக்கொள்கிறார்கள் என்ற பொருள்பட.

கோவாவின் தலைமைக் குரு மிகுவெல் வாஸ் நேரிலேயே லிஸ்பன் போனார். ஜனவரியில் கப்பல் கிளம்பினால் போய்ச் சேர ஆறேழு மாதம். பதில் கொண்டுவரும் கப்பல்கள் அடுத்த மார்ச்சில்தான் புறப்படும். 1546 மார்ச்சில் மன்னர் கவர்னருக்கு எழுதிய உத்தரவில் முத்துக்குளித்துறையும் இடம் பெற்றது. கப்பித்தான்மார் முத்துக்குளிப்போரை நெருக்கி வருத்தக் கூடாது என்றார் மன்னர்.

உத்தரவோடு திரும்பிய வாஸ் 1547 ஜனவரியில் இறந்துபோனார். விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

உத்தரவு காகிதத்தில் இருந்தது. 1549-ல் வேதாளையில் இருந்த வேறொரு கப்பித்தான், ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களை மடக்கிச் சுங்கம் வாங்கினார். கோபம் கொண்டு வந்த வடுகர் படை, சவேரியாருக்குப் பின் இந்தக் கரையைக் கவனித்துவந்த அந்தோணி கிரிமினாலி என்ற குருவைக் கொன்றது. சுங்கம் வாங்கியவர் ஒருவர், உயிரை விட்டவர் வேறொருவர்!

மலாக்காவில் ஒரு கப்பித்தான்

அப்போது சவேரியார் ஜப்பானுக்குப் போய்விட்டார். 1552-ல் சீனாவுக்குப் போகக் கிளம்பி மலாக்கா வந்தார். தூதராக உடன் வரவிருந்தவர் தியோகோ பெரைரா என்ற வியாபாரி. மலாக்கா கப்பித்தான் அல்வாரோ தெ அத்தாயிதே, வாஸ்கோடகாமாவின் மகன். பெரைராவுக்குக் கிடைக்கும் பெருமையும் லாபமும் அவருக்குப் பொறுக்கவில்லை. பெரைரா போகக் கூடாது என்று மறித்தார். சவேரியார் கெஞ்சினார், சபையிலிருந்து விலக்குவதாகவும் அறிவித்துப் பார்த்தார். பலிக்கவில்லை.

தூதர் இல்லாமலேயே கப்பல் ஏறிய சவேரியார், சீனக் கரை எதிரே சாங்சுவான் தீவில் காய்ச்சலில் விழுந்து, அவ்வாண்டு டிசம்பர் 3-ந் தேதி காலமானார். வயது 46.

1553-ல் அவர் உடல் மலாக்காவுக்கு வந்தபோதும் அத்தாயிதேதான் கப்பித்தான். உடலை வரவேற்றுச் செலவு செய்தவர் பெரைரா. அத்தாயிதே பின்னர் பதவி பறிக்கப்பட்டு, கைதியாகக் கப்பல் ஏற்றப்பட்டார்.