சிதம்பரனாரும் சிறைத் தமிழும்

வ. உ. சிதம்பரம்பிள்ளை என்ற பெயரைக் கேட்டதும் எவர்க்கும் முதலில் நினைவில் எழுவது கப்பல். அக்கப்பல் ஓடியதும் எமது கொழும்புத் துறைமுகத்துக்கே. ஆதலின் அப்பெருமகனாரை அயலார் என்று எண்ண எமக்கு மனம் வருவதில்லை. ஆயினும் கப்பற் கதையைப் பலரும் பலகாற் சொல்லிவிட்டனர். கப்பலும் செல்வமும் பறிபோய்ச் சிறைக்கோட்டத்துள் இருந்த காலத்தில், அவர் எதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு உயிர் தாங்கினார் என்பதையே நாம் இங்கு சிறிது விரித்துக் கூற விரும்புகின்றோம். எமது சங்கத்து இளைஞரிற் பலர் இதனை அறியார்.

1872ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 5ஆந் தேதி, திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த ஒட்டப்பிடாரத்தில், உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மகனாக அவர் தோன்றினார். தந்தையாரைப் போலவே சட்டம் பயின்று வக்கீலானார். தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்து தொழில் நடத்துகையில், சமயநூற் பயிற்சியும் தமிழ்ப் பயிற்சியும் அவரிடத்து வளர்ந்தன. 1906இல் சுதேசிக் கப்பற் கம்பெனி உருவாயிற்று. அதற்குத் தலைவராய் அமைந்தவர் மதுரைத் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் என்பதை நாம் மறத்தலாகாது. தமிழ் வளர்த்த கையே கப்பலுக்கும் பொருள் கொடுத்தது. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஆங்கிலக் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தனர். ஆயினும் மக்கள் சுதேசிக் கப்பலையே நாடினர்.

1908ஆம் ஆண்டு தூத்துக்குடிப் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். மார்ச்சு மாதத்திற் கைதானார். சூலை 7ஆந் தேதி தீர்ப்பு வந்தது. அரசநிந்தனைக்கு இருபதாண்டு, சுப்பிரமணிய சிவாவுக்கு இடங்கொடுத்த குற்றத்துக்கு இருபதாண்டு என இரட்டைத் தீவாந்தர தண்டனை! தீர்ப்பைக் கேட்ட இளவல் மீனாட்சிசுந்தரம் சித்தங் கலங்கினார், பின்னர் தெளியவேயில்லை. மேன்முறையீட்டில் தண்டனை குறைந்ததாயினும், அந்த இழப்புக்கு மேன்முறையீடு ஏது?

கோயம்புத்தூர்ச் சிறையில் முதலில் அவருக்குக் கொடுத்த வேலை சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றுவது. எழுதுகோலன்றி வேறொன்றும் பிடித்தறியாத கைகள். தோல் உரிந்து குருதி கசிந்தது. பின்னர் மாடு இழுக்கும் செக்கில் அவரைப் பூட்டினர். வெய்யிலிற் செக்கைச் சுற்றிச் சுற்றி நடந்தார், நீதிமன்றங்களிலே நிமிர்ந்து நின்று வாதாடிய அந்த மனிதர்.

இந்த நிலையில் ஒருவர் என்ன செய்வார்? மனம் வெறுத்து மாய்வார், அல்லது கல்லாய்ச் சமைந்து போவார். சிதம்பரனார் நூல் படித்தார். தொல்காப்பியத்தை எடுத்து உரையோடு கற்றார். செக்கடியிலிருந்து வந்த ஒருவர் எழுத்ததிகாரம் படித்தார் என்பது கேட்போர்க்கு வியப்பாகலாம். எமக்கும் முதலில் அவ்வாறே இருந்தது. இலக்கணத்திலே என்ன ஆறுதல் கிடைக்கும்? சிந்தித்துப் பார்க்குமிடத்து, சிறையிலே எல்லாம் பிறர் வகுத்த விதி. உண்பதும் உறங்குவதும் நடப்பதும் காவலன் சொற்படியே. தொல்காப்பியத்தின் விதியோ அவர் தாமே விரும்பி ஏற்றுக்கொண்ட விதி. அசையும் சீரும் தளையும் எந்தச் சிறையதிகாரிக்கும் கட்டுப்பட்டனவல்ல. அங்கு அவர் சுதந்திரராயிருந்தார் என்றே நாம் கருதுகின்றோம்.

படித்ததோடு அமையவில்லை. சுற்றத்தார்க்கும் நண்பர்க்கும் உள்ளத்திலிருந்ததை வெண்பாவாகவே இயற்றினார். ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில அறிஞரின் சிறு நூலை 'மனம்போல வாழ்வு' எனத் தமிழாக்கினார். 1910ஆம் ஆண்டின் இறுதியில் அவரைக் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினர். அங்கிருந்த கைதிகள் கொலையும் களவும் செய்து வந்தவர்கள். அவர்களை அவர் ஒதுக்கவில்லை. கூட்டிவைத்துக் குறள் முதலிய அறநூல்களை எடுத்துரைத்தார். அவர்களுக்கும் விளங்கும் வண்ணம் எளிய நடையிற் பாடிய வெண்பாக்களே 'மெய்யறிவு' என்னும் நூலாயிற்று. 'மெய்யறம்' என்பதும் அச்சிறையிற் பிறந்ததே. மாணவரியல் தொடங்கி மெய்யியல் ஈறாக 125 அதிகாரங்கள். அதிகாரத்துக்குப் பத்து ஓரடிப் பாக்கள். கவிச்சுவை ஒன்றையே நாடி அந்நூலிற் புகுவோர் ஏமாற்றமடையவுங்கூடும். பாரதியாரின் கனலை அதிலே தேடுதல் தகாது. ஆயின் அறம் என்பது எங்கே என்று ஐயுறத்தக்க ஓரிடத்திலிருந்து, ஓர் அதிகாரமுங் குறையாமல் அறத்தை வகுத்து எழுதி முடித்த உறுதியை வேறெந்த நூலிற் காண்போம்?

இதற்கிடையே கப்பற் கம்பெனியும் கலைந்தது. அவர் பாடுபட்டு வாங்கிய கப்பல் பகைவராகிய ஆங்கிலக் கம்பெனியாரிடமே விலைப்பட்டது.

1912ஆம் ஆண்டு திசம்பரில் விடுதலையானார். சிறை செல்லும்போது தெருவெல்லாம் கொதித்தெழுந்த சனங்கள் அன்று வரவில்லை. சிறையிலே தொழுநோய்க்கு ஆளாகிய சுப்பிரமணிய சிவா வாயிலிலே காத்திருந்தார் என்பர். வக்கீல் உரிமை பறிபோயிருந்தமையால், சென்னையிலே அரிசியும் நெய்யும் விற்றுப் பிழைத்தார். மெய்யறம் 1914இலும், மெய்யறிவும் பாடற்றிரட்டும் 1915இலும் அச்சேறின. தமிழ் அவருக்குச் சோறு போட்டது என்று நாம் சொல்லப் போவதில்லை, அது உண்மையன்று. வறுமை கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை. ஆயினும் அரிசி விற்ற அந்த நாட்களிலேயே, 1917இல், திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். சிறையிலே தொடங்கிய தொல்காப்பியக் காதல் இளம்பூரணர் உரைப் பதிப்பாகக் கனிந்தது. 1935இல் சிவஞானபோதத்துக்கு உரை கண்டார்.

அவர் நன்றி மறவாதவர் என்பதற்கு ஒன்று கூறுவோம். வக்கீல் உரிமையை மீட்டுக் கொடுத்தவர் வாலிஸ் என்னும் ஆங்கில நீதிபதி. 1908இல் அவர் வழக்கை முதலில் விசாரித்தவரும் அவரே. அப்பெயர் விளங்கத் தம் மைந்தருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். பகைமை வேறு, நன்றி வேறு என்று பிரித்தறிந்த உள்ளம் அது.

பரலி சு. நெல்லையப்பர் வேண்டுகோளுக்கிணங்கித் தம் சரித்திரத்தை அகவற்பாவிலே எழுதினார். கையிற் குருதி கசிந்ததும் செக்கிற் பூட்டியதும் அதிலே எதுகை மோனையோடு வருகின்றன. உரைநடையிற் சொன்னால் அழுகையாகிவிடும் ஒன்றை, அகவலின் நடை நிமிர்ந்து நிற்கச் செய்கின்றது. அது நூலாக வெளிவந்தது 1946இலே. காண அவர் இல்லை.

1936ஆம் ஆண்டு இறுதிப் பத்திரம் எழுதியபோது, கடைகளுக்குக் கொடுக்கவேண்டிய சில்லறைக் கடன்களையும் ஒன்றுவிடாமற் குறித்து வைத்தார். நோய் முற்றியதும் தம் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்திற் கிடத்தப்பட்டார். தேவாரம் பாடட்டுமா என்று அருகிலிருந்தோர் கேட்டனர் என்றும், பாரதியின் பாட்டையே அவர் விரும்பினார் என்றும் கூறுவர். பதினைந்தாண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்ட நண்பரின் பாட்டைக் கேட்டவண்ணம், நவம்பர் 18ஆந் தேதி அவர் கண் மூடினார்.