கருத்தரங்கில் எழுந்து பேசிய கணித மேதை

ஆண்டுக்கு ஒரு முறையேனும் நம் கல்லூரித் துறைகளில் கருத்தரங்கு நடைபெறுகிறது. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, மூன்றாம் கட்டுரை தொடங்கியதுமே தலைவர் அடிக்கும் மணி, மாலையில் சான்றிதழ். இவற்றால் அறிவு வளர்கிறதா என்று நண்பர்கள் கேலியாகக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒரு கருத்தரங்கின் கடைசி நாளன்று, 24 வயது இளைஞர் ஒருவர் மெல்லிய குரலில் சொன்ன சில வாக்கியங்கள் கணிதத்தின் அடித்தளத்தையே அசைத்தன. கணிப்பொறி அறிவியலின் கோட்பாட்டுப் பகுதி முழுவதும் அந்த அசைவிலிருந்து முளைத்ததே எனலாம். அவர் பெயர் குர்ட் கோடெல். கணிதம் பயிலும் மாணவன் என்ற முறையில் அவர் வரலாற்றை ஈண்டு எழுத விழைகிறேன்.

கோடெல் 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசைச் சேர்ந்த புருன் நகரில் பிறந்தார். இன்று அந்நகர் செக் குடியரசில் பர்னோ என்று வழங்குகிறது. தந்தையார் நெசவாலை ஒன்றின் நிர்வாகி. வசதிக்குக் குறைவில்லாத குடும்பம். எதைக் கண்டாலும் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் வீட்டார் அவரை ஏன்-ஐயா என்ற பொருளில் செல்லப் பெயரிட்டு அழைத்தனர். சிறு வயதில் கீல்வாதக் காய்ச்சல் கண்டது. அதிலிருந்து முற்றிலும் குணமடைந்த பின்னரும், தம் இதயம் பழுதுபட்டுவிட்டது என்ற அச்சம் அவரை விட்டு நீங்கவேயில்லை. இந்த அச்சத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கடைசியில் அவர் உயிரைக் கொண்டுபோனதும் அச்சந்தான்.

1924இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே பூர்ட்வேங்லர் என்ற பேராசிரியர் எண்ணியல் பாடம் நடத்தினார். கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். அவர் வாயால் சொல்ல, உதவியாளர் கரும்பலகையில் எழுதுவார். அந்த வகுப்பில் இடம் கிடைப்பதே அரிதாக இருந்ததாம். கோடெல் இயற்பியலை விட்டுக் கணிதத்துக்கு வந்தார். மோரிட்ஸ் ஷ்லிக், ஹான்ஸ் ஹான் முதலியோர் கூடி விவாதித்த வியன்னா வட்டத்திலும் கலந்துகொண்டார். அக்கூட்டங்களில் அவர் பேசியது மிகக் குறைவு, கேட்டதே மிகுதி.

அக்காலக் கணித உலகில் ஒரு பெருங்கவலை நிலவியது. கணங்களைப் பற்றிய கோட்பாட்டில் முரண்பாடுகள் தலைகாட்டியிருந்தன. கணிதம் முழுவதும் ஒரு நாள் சரிந்து விழுமோ என்று அறிஞர்கள் அஞ்சினர். கோட்டிங்கன் நகரின் பேராசிரியர் டேவிட் ஹில்பர்ட் இதற்கு ஒரு வழி கூறினார். கணிதம் அனைத்தையும் சில அடிக்கோள்களாகவும் விதிகளாகவும் எழுதிவிடுவது. அவற்றிலிருந்து முரண்பாடு ஒருபோதும் பிறக்காது என்பதை ஐயத்துக்கு இடமில்லாத எளிய முறைகளால் நிறுவிவிடுவது. அவ்வாறு செய்துவிட்டால் விடை காண முடியாத கணக்கென்று ஒன்று இராது என்பது அவர் நம்பிக்கை. 1900இல் பாரிஸ் மாநாட்டில் 23 வினாக்களைக் குறித்துக் காட்டி ஒரு நூற்றாண்டின் ஆராய்ச்சிக்கே திசை காட்டியவர் அவர். அவர் சொல்லுக்கு மறுசொல் கூறுவது எளிதன்று.

இந்நிலையில் 1930 செப்டம்பர் 5, 6, 7 ஆகிய நாட்களில் கோனிக்ஸ்பர்க் நகரில் துல்லிய அறிவியல்களின் அறிவுக் கோட்பாடு பற்றிய இரண்டாம் மாநாடு கூடியது. ஏழு பாலங்கள் கணக்கால் ஆய்லர் நமக்கு அறிமுகப்படுத்தினாரே, அதே நகர்தான். தத்துவ ஞானி கான்ட் வாழ்ந்த ஊரும் அதுவே. (இன்று ரஷ்யாவின் கலினின்கிராட்.) முதல் நாளில் கார்னாப், ஹேட்டிங், வான் நாய்மன் ஆகிய மூவரும் கணித அடித்தளம் பற்றிய மூன்று கட்சிகளுக்காகப் பேசினர். ஹில்பர்ட்டின் கட்சிக்கு வழக்குரைத்தவர் வான் நாய்மன். இரண்டாம் நாள் கோடெலுக்கு 20 நிமிடம் கிடைத்தது. தம் முனைவர் பட்ட ஆய்வின் முடிவை எடுத்துரைத்தார். அது ஹில்பர்ட் கட்சிக்கு மகிழ்ச்சி தரும் முடிவுதான்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பொதுக் கலந்துரையாடல். அதன் இறுதிப் பகுதியில் கோடெல் பேசினார். முரணற்றதாகக் கொள்ளப்படும் கணித முறையில், உண்மையாக இருந்தும் அம்முறைக்குள் நிறுவ இயலாத கூற்றுகள் உண்டு என்றும், அவை எண்கணிதத்தைப் பற்றிய கூற்றுகளே என்றும் அடக்கமாகக் கூறி முடித்தார். யாரும் திடுக்கிட்டதாகத் தெரியவில்லை. மாநாட்டைப் பற்றிப் பின்னர் ரைஷன்பாக் எழுதிய அறிக்கையில் கோடெலின் பெயர்கூட இடம்பெறவில்லை! நம் ஊர்க் கருத்தரங்க அறிக்கைகளில் தேநீர் வழங்கியவர் பெயர்கூட விடுபடுவதில்லை என்பதை எண்ணிப் பார்க்கிறேன். மறுநாள் அதே ஊரில், வேறொரு பேரவையில், ஹில்பர்ட் தாமே மேடையேறி, அறிய முடியாதது என்று எதுவுமில்லை என முழங்கினார். அவ்வுரையின் ஒரு பகுதி வானொலியிலும் ஒலிபரப்பாயிற்று. அவர் நம்பிக்கைக்கு ஒரு நாள் முன்னதாகவே முடிவு கட்டப்பட்டிருந்தது அவருக்குத் தெரியாது.

ஒருவர் மட்டும் விழித்துக்கொண்டார். அவர்தான் எதிர்க்கட்சிக்கு வழக்குரைத்த வான் நாய்மன். கூட்டம் முடிந்ததும் கோடெலைத் தனியே அழைத்து மேலும் கேட்டறிந்தார். ஊர் திரும்பியும் அச்சிந்தனை அவரை விடவில்லை. இதிலிருந்து இன்னொரு முடிவும் வருகிறதே, அம்முறை தன் முரணின்மையைத் தானே நிறுவிக்கொள்ள முடியாதே என்று நவம்பர் 20 அன்று கோடெலுக்குக் கடிதம் எழுதினார். கோடெலோ அதையும் முன்பே கண்டுபிடித்து, கட்டுரையை இதழுக்கு அனுப்பிவிட்டிருந்தார். வான் நாய்மன் பெருந்தன்மையோடு விலகிக்கொண்டார். கருத்தரங்கின் பயன் யாதென்று என்னைக் கேட்டால், நூறு பேர் கேட்டதைச் சொல்ல மாட்டேன். இந்த ஒருவர் கேட்டதைத்தான் சொல்வேன்.

1931இல் வெளியான அக்கட்டுரையின் உத்தி நம் இளங்கலை மாணவர்க்கும் எட்டக்கூடியதே. ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஓர் எண் கொடுத்துவிடுகிறார். ஒரு வாக்கியத்தில் வரும் குறியீடுகளின் எண்கள் 3, 1, 2 என்று வைத்துக்கொள்வோம். பகா எண்களை வரிசையாக எடுத்து 2இன் அடுக்கு 3, 3இன் அடுக்கு 1, 5இன் அடுக்கு 2 எனப் பெருக்கினால் 8 × 3 × 25 = 600. 600 என்ற எண்ணை யாரிடம் கொடுத்தாலும் அதைப் பகாக் காரணிகளாக்கிப் பழைய வாக்கியத்தை மீட்டுவிடலாம். வேறெந்த வாக்கியமும் வராது. வாக்கியம் எண்ணாகிவிட்டது. நிரூபணமும் எண்ணாகிவிட்டது. ஆகவே எண்களைப் பற்றிப் பேசும் கணிதம், தன்னைப் பற்றியே பேசத் தொடங்கிவிடுகிறது. இவ்வழியில், நான் இம்முறையில் நிறுவப்பட முடியாதவன் என்று தன்னையே குறிக்கும் ஒரு கூற்றைக் கோடெல் படைத்தார். அதனை நிறுவிவிட்டால் பொய்யொன்றை நிறுவியதாகும்; முரணற்ற முறையில் அது நடவாது. நிறுவ முடியாதென்றால் அது சொல்வது மெய்யாகிவிடுகிறது. பொய்யன் தான் பொய்யன் என்று சொன்ன பழைய புதிரை ஒத்தது இது. ஆனால் புதிரில் குழப்பம் மிஞ்சுகிறது, இங்கே தேற்றம் கிடைக்கிறது.

வாக்கியத்தை எண்ணாக்கும் இந்த உத்தியைப் பொறிகளுக்குப் பொருத்தினார் ஆலன் டூரிங். 1936இல், எந்தக் கணக்கையும் தீர்த்துத் தரும் பொது வழிமுறை இருக்க முடியாதென்று அவர் காட்டியபோது, கணிப்பொறி என்ற கருத்தே தாளில் உருவாகிவிட்டது.

கோடெலின் சொந்த வாழ்க்கையைச் சுருக்கியே கூறுகிறேன். 1933 முதல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிலையத்துக்குப் போய் வந்தார். இடையிடையே மனநலம் குன்றி மருத்துவ விடுதிகளில் தங்கினார். 1936இல் ஷ்லிக்கை அவருடைய பழைய மாணவன் ஒருவனே பல்கலைக்கழகப் படிக்கட்டில் சுட்டுக் கொன்றது கோடெலைப் பெரிதும் உலுக்கியது. தம் உணவில் யாரோ நஞ்சு கலப்பதாக அஞ்சத் தொடங்கினார். அடேல் அம்மையார் முதலில் உண்டு காட்டிய பிறகே உண்பார். அடேல் இரவு விடுதியில் நடனமாடியவர், கோடெலைவிட ஆறு வயது மூத்தவர், முன்பே மணமாகி விலகியவர். பெற்றோர் எதிர்த்தனர், பத்தாண்டுப் பழக்கத்துக்குப் பின் 1938இல் திருமணம் நடந்தது. படித்த பெருமக்கள் பலர் அந்த அம்மையாரைத் தாழ்வாக எண்ணினார்கள். கணித உலகம் அவருக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது என்பது என் கருத்து.

அதே ஆண்டு ஹிட்லரின் படை ஆஸ்திரியாவை விழுங்கியது. கோடெல் யூதரல்லர், எனினும் யூதர் என்றெண்ணி முரடர் கூட்டமொன்று அவரைத் தாக்கியபோது, அடேல் தம் குடையால் அடித்து விரட்டினாராம். போர் மூண்டது. 1940 ஜனவரியில் இருவரும் ரயிலில் சைபீரியாவைக் கடந்து, ஜப்பானில் கப்பலேறி, மார்ச் 4 அன்று சான்பிரான்சிஸ்கோவில் இறங்கினர். பிறகு அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பவேயில்லை. பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டீனும் அவரும் நாள்தோறும் பேசிக்கொண்டே நடந்து வீடு திரும்பியது ஊரறிந்த காட்சி. 1955இல் ஐன்ஸ்டீன் மறைந்தார்.

அடுத்த ஆண்டு, 1956 மார்ச் 20ஆம் நாள், புற்றுநோயுற்றிருந்த வான் நாய்மனுக்குக் கோடெல் ஒரு கடிதம் எழுதினார். உடல்நலம் விசாரித்த கையோடு ஒரு கணக்கையும் கேட்டார். ஒரு கூற்றுக்குக் குறிப்பிட்ட நீளத்துக்குள் நிரூபணம் உண்டா இல்லையா என்று பொறி கண்டுபிடிக்க எத்தனை படிகள் தேவை? ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பதைவிட விரைவான வழி உண்டா? ஓர் எண் பகா எண்ணா என்று சோதிப்பதற்கு எத்தனை படிகள் வேண்டும்? கோனிக்ஸ்பர்க்கில் தம்மைப் புரிந்துகொண்ட ஒரே மனிதரிடம் அவர் கேட்டது இது. வான் நாய்மன் 1957 பிப்ரவரியில் காலமானார். கடிதம் தாள்களுக்கிடையே கிடந்தது. 1980களின் பிற்பகுதியில்தான் அது அறிஞர்களிடையே பரவியது.

அதற்குள் அக்கேள்வி வேறு வழியாக, மீண்டும் ஒரு கருத்தரங்கின் மூலமே, உலகுக்கு வந்துவிட்டது. கணிப்பொறிக் கோட்பாட்டாளர்களுக்கு ஸ்டாக் என்றொரு ஆண்டு மாநாடு 1969இல் தொடங்கியது. ஏனைய துறைகளில் மாநாட்டுக் கட்டுரை முன்னோட்டம். இதழ்க் கட்டுரையே முடிவு. இத்துறையிலோ மாநாட்டுக்கு வரும் கட்டுரைகளை அறிஞர் குழு சலித்தெடுக்கிறது. அங்கு ஏற்கப்படுவதே பெரும் மதிப்பு. 1971இல் ஒஹையோ மாநிலத்தில் கூடிய மூன்றாம் ஸ்டாக் மாநாட்டில் ஸ்டீபன் குக் சில பக்கக் கட்டுரை ஒன்றை அளித்தார். விடையை எளிதில் சரிபார்க்க முடிந்தால் அவ்விடையை எளிதில் கண்டுபிடிக்கவும் முடியுமா என்ற வினா அதில் உருப்பெற்றது. 2000இல் கிளே நிறுவனம் அதற்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு அறிவித்தது. இன்னும் யாரும் பெறவில்லை. நம் நாட்டிலும் 1981 முதல் இத்துறைக்கென ஆண்டு மாநாடு நடந்து வருகிறது. நம் மாணவர்கள் அதனை அறிந்துகொள்வது நன்று.

கோடெலின் இறுதி துயரமானது. 1977இல் அடேல் நோயுற்று மருத்துவமனையில் பல மாதங்கள் இருக்க நேர்ந்தது. உண்டு காட்ட ஆளில்லை. அவர் உண்ணவே மறுத்தார். 1978 ஜனவரி 14 அன்று பிரின்ஸ்டன் மருத்துவமனையில் உயிர் பிரிந்தபோது உடல் எடை ஏறக்குறைய 30 கிலோதான். தர்க்கத்தின் எல்லையைக் கண்டவரைத் தர்க்கத்துக்கு அடங்காத ஓர் அச்சம் தின்றுவிட்டது.

1993 முதல், கணிப்பொறிக் கோட்பாட்டில் சிறந்த கட்டுரைக்குக் கோடெல் பரிசு வழங்கப்படுகிறது. ஸ்டாக் மாநாட்டிலும், இக்கால்ப் எனும் ஐரோப்பிய மாநாட்டிலும் மாறி மாறி அதனை அளிக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் பரிசு நம் நாட்டவர் மூவருக்குக் கிடைத்தது. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் மணீந்திர அகர்வால், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா. மாணவர்கள் இருவரும் 2002இல்தான் இளங்கலைப் பொறியியல் பட்டம் முடித்திருந்தனர். 2002இல் அவர்கள் தீர்த்த கணக்கு இது: ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகவும் ஐயமின்றியும் சோதிப்பது எப்படி?