டப்பாவுக்குள்ள நண்டு எப்படிக் கெடாம இருக்கு? அப்பேர்ப்பட்ட அப்பேரின் கதை!

சிங்கப்பூர், துபாய்னு போய் வர்ற மாமாவோ அண்ணனோ கொடுத்த நண்டு டப்பா ஒண்ணு உங்க வீட்டு அலமாரியிலும் இருக்கலாம். விருதுநகர் மாவட்டத்துல கடல் கிடையாது. இங்க கடல் மீன்னா ஐஸ் பெட்டியில வரணும், இல்லைன்னா கருவாடு. ஆனா, இந்த டப்பாவுக்கு ஐஸும் வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம். எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? அந்தக் கேள்விக்குப் பதில் தேடியே தன் வாழ்க்கையைக் கரைச்சவர் ஒருத்தர் இருக்கார். பெயர், நிக்கோலா அப்பேர்.

1749-ல் பிரான்ஸின் ஷாலோன் நகரில் பிறந்தவர். அப்பா விடுதி நடத்தியதால், சமையலறையிலேயே வளர்ந்தார். பிறகு பாரிஸில் மிட்டாய்க் கடை போட்டார். நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மாஸ்டர் மாதிரி, சர்க்கரையும் சூடும் உணவை என்ன செய்யும்னு அவருக்குக் கைப்பழக்கம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794-ல் சிறைக்கும் போனார். பலரின் தலை போன நேரம் அது. இவர் எப்படியோ தப்பி வந்தார்.

அன்றைக்கு உணவைச் சேமிக்க உப்பு, புகை, வெயில், சர்க்கரைதான் வழி. எல்லாமே ருசியை மாற்றிவிடும். ருசி மாறாமல் வைக்க முடியாதா என்று அப்பேர் சோதனையில் இறங்கினார். கண்ணாடி பாட்டிலில் உணவை நிரப்பி, கார்க்கால் இறுக மூடி, கம்பி கட்டி, கொதிக்கும் தண்ணீரில் வைத்தார். பாட்டில் வெடித்தால் சில்லு தெறிக்கக் கூடாதுன்னு ஒவ்வொன்றையும் துணிப்பையில் போட்டார். இறுக மூடின பொருளுக்குள்ள அழுத்தம் ஏறினா என்னாகும்னு சிவகாசிக்காரங்களுக்குச் சொல்லித் தரணுமா என்ன? வருஷக்கணக்கான உழைப்புக்குப் பிறகு முறை கைகூடியது. மாஸி என்ற ஊரில் தொழிற்சாலை வைத்தார். பிரான்ஸ் கடற்படையும் அவர் பாட்டில்களைக் கப்பலில் ஏற்றிச் சோதித்தது.

1810-ல் ஒரு பெரிய முடிவு எடுக்க வேண்டி வந்தது. காப்புரிமை வாங்கி ரகசியத்தைத் தன்னிடமே வைக்கலாம். அல்லது 12,000 ஃபிராங்க் வாங்கிக்கொண்டு முறையை எல்லோருக்கும் சொல்லிவிடலாம். அப்பேர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, புத்தகமாகவே வெளியிட்டார். அதே வருஷம் லண்டனில் பீட்டர் டுராண்ட் என்பவர், தகர டப்பாவையும் சேர்த்து, இதே மாதிரியான முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1813-க்குள் இங்கிலாந்தில் டப்பா உணவு வியாபாரமாகிவிட்டது. அப்பேருக்கோ, போரில் அந்நியப் படைகள் புகுந்து தொழிற்சாலையே நாசமானது. மறுபடி எழுந்து, தகர டப்பாவுக்கும் மாறினார். ஆனாலும், 1841-ல் 91 வயதில் ஏழையாகத்தான் இறந்தார். அடக்கம் நடந்தது பொதுக் குழியில்.

தன் முறை ஏன் வேலை செய்கிறது என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது. கெடுப்பது கிருமிகள் என்பதை லூயி பாஸ்டர் விளக்கியது 1860-களில்தான். சிப்பி, நண்டு வகைகள் அதற்குப் பிறகும் தண்ணி காட்டின. டப்பாக்கள் உப்பின. 1890-களின் நடுவில் அமெரிக்காவில் சாமுவேல் பிரெஸ்காட், வில்லியம் அண்டர்வுட் என்ற இருவர் மட்டி டப்பாக்களை ஆராய்ந்தார்கள். சாதாரணக் கொதிநிலையில் சாகாத கிருமி வித்துகள் இருப்பது தெரிந்தது. நம்ம குக்கர் மாதிரி அழுத்தம் கொடுத்து, சுமார் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுவதுதான் தீர்வு.

சரி, இப்ப உங்க டப்பாவுக்கு வருவோம்.

உப்பியிருந்தாலோ, திறக்கும்போது பீய்ச்சி அடித்தாலோ, ருசிகூடப் பார்க்காம தூக்கிப் போட்டுடுங்க. மூடியோரம் நசுங்கியது, துருவேறியதும் வேண்டாம். வாங்கும்போது லேபிளில் மொத்த எடையை மட்டும் பார்க்காதீங்க, நீர் வடித்த எடையைப் பாருங்க. காசு அதுக்குத்தான்.

நண்டு டப்பாவுக்குள் காகிதம் சுற்றியிருந்தா பயப்படாதீங்க. சதை தகரத்தில் பட்டுக் கறுக்காமல் இருக்கத்தான் அது. கண்ணாடித் துகள் மாதிரி படிகம் தெரிஞ்சா, வெதுவெதுப்பான வினிகரில் போடுங்க. மெல்லக் கரைஞ்சா அது கடலுணவில் தானாக உருவாகும் உப்புப் படிகம், ஆபத்தில்லை. கரையலைன்னா கண்ணாடியேதான், டப்பாவைத் தூக்கிப் போடுங்க.

உள்ளே இருப்பது ஏற்கெனவே வெந்தது, உப்பும் ஏறியது. அதனால் நீரை வடிச்சு, லேசா அலசுங்க. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, கறிவேப்பிலை எல்லாம் நல்லா வதங்கின பிறகு, கடைசி 2 நிமிஷம் நண்டைப் போட்டுப் பிரட்டினா போதும். ரொம்ப நேரம் வைத்தா ரப்பராகிடும். உப்பை ருசி பார்த்துட்டுப் போடுங்க. மிச்சத்தை டப்பாவிலேயே விடாம வேற பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைங்க, 2 நாளில் முடிச்சிடுங்க.

விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்கு இந்த மிளகு நண்டு செம ஜோடி. யாராவது ரெசிபி கேட்டா மறைக்காம சொல்லிடுங்க. அப்பேரும் அதைத்தான் செஞ்சார்!